வியாழக்கிழமைப் புடவை

மலேசியாவில் கெடாவுக்குப் போன என் பெட்டியின் அடியில், நான்கு துண்டுகளுக்கும் இரண்டு நைட்டிகளுக்கும் கீழே, ஒரு வெள்ளைப் பட்டுப்புடவை இருந்தது. மெல்லிய ஜரிகைக் கரை. "கல்யாணத்துக்கா?" என்று கடைக்காரர் கேட்டபோது தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். கல்யாணத்துக்கு இல்லை. பாடாங் செராயில் இருக்கிற என் ஹெலன் அக்காவை அடக்கம் செய்வதற்கு. அக்கா அப்போது உயிரோடுதான் இருந்தாள்.

திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம். பாளையங்கோட்டையில் எங்கள் சபைப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்தன்று கட்டிய வெள்ளைப் புடவையைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிடுவோம். அதன்பிறகு ஒரே ஒரு முறைதான் அது வெளியே வரும். எடுப்பது நாமாக இருக்காது. அம்மாவை அப்படித்தான் உடுத்தி அனுப்பினோம். என்னுடையதும் முப்பது வருடமாகப் பீரோவில் காத்திருக்கிறது.

அக்கா முப்பத்திநான்கு வருடம் முன்பு கல்யாணமாகி மலேசியா போனவள். அத்தான் ஓர் எஸ்டேட்டில் கிராணி, அதாவது கணக்கர். அவர் இறந்து எட்டு வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், ஆறு வருடமாக வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். போன மாதம் நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் சபையிலிருந்து போன் வந்ததும், ஊருக்குக் கூட்டி வந்துவிடுவது என்று முடிவு செய்தேன். கீழறைக்குப் பெயிண்ட் அடித்தேன். பக்கத்துத் தெரு டயாலிசிஸ் மையத்தில் இடம் சொல்லி வைத்தேன். கிளம்புகிற அன்று என் மதினி காதோடு சொன்னாள்.

"ஏட்டி, எதுக்கும் ஒரு வெள்ளப் புடவை எடுத்துக்கிட்டுப் போ. அவளோடது எங்க கெடக்கோ என்னமோ. போன எடத்துல அலைய முடியுமா?"

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் பன்னிரண்டு வருடம் செயலாளராக இருந்தவள் நான். எதையும் முன்கூட்டியே செய்துதான் பழக்கம்.

செவ்வாய்க்கிழமை சுங்கை பட்டாணியில் இறங்க வேண்டியவள், பஸ்ஸில் தூங்கிப்போனேன். மலேசியா பஸ்ஸில் ஏசி போடுவதில்லை, ஆளையே ஐஸில் வைக்கிறார்கள். விரைத்துப்போய்க் கண்ணைத் திறந்தபோது டிரைவர் என் தோளருகே நின்று மலாயில் ஏதோ கேட்டார். இறக்கிவிட்டார். சுற்றிலும் தொழிற்சாலைகள், கொளுத்துகிற வெயில். ஒரு தமிழ் எழுத்து கண்ணில் படவில்லை.

எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. ரொட்டிக்கு மாவு வீசிக்கொண்டிருந்த அம்மா, என் முகத்தையும் கையிலிருந்த டிக்கெட்டையும் பார்த்தே புரிந்துகொண்டார். "உக்காருங்கக்கா. பயப்படாதீங்க லா. இது குருண். உங்க எடத்த பஸ்ஸு தாண்டி வந்திருச்சி." தன் போனையே எடுத்துக் கொடுத்தார்.

"குருண்லயா?" என்று அக்கா மறுமுனையில் சிரித்தாள். "அசையாதட்டி. ரொட்டி சானாய் சாப்டு. நான் வாறேன்."

"நீயா? நீ எப்படி..." லைன் போய்விட்டது.

ரொட்டி சானாய் என்பது நம் புரோட்டாவின் தம்பி. அண்ணனைப் போல முரடு கிடையாது. பருப்புக் குழம்பு தொட்டு மூன்று சாப்பிட்டேன். அக்கா சாகக் கிடக்கிறாள், நான் மூன்றாவது ரொட்டி சாப்பிடுகிறேன் என்று உறுத்தியது. அப்போது ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. கதவு திறந்து, பூப்போட்ட ஆரஞ்சு பாஜு, அந்த ஊர் நீளச் சட்டை, அணிந்த ஒல்லியான பெண்மணி இறங்கினாள். இடது கையில் புதுக்கட்டு. முகம் கறுத்து, கன்னம் ஒட்டி, ஆனால் வாய் காதுவரை சிரித்துக்கொண்டிருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ படுத்த படுக்கையாட்டுல்லா கெடப்பேன்னு நெனச்சேன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"படுத்துத்தான் கெடந்தேன் லா, நாலு மணி நேரம், மெஷின்ல. இப்பத்தான் எந்திச்சேன்."

எங்கள் ஊர் 'லா' ஒன்று உண்டு, அந்த ஊர் 'லா' ஒன்று உண்டு. அக்காவிடம் இரண்டும் சேர்ந்து குடித்தனம் நடத்துகின்றன.

வேன் ஓட்டுகிறவர் முனியாண்டி அண்ணன். அறுபது வயது இருக்கும். முன்கண்ணாடிக்குக் கீழே முருகன் படம். டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றி இறக்குவது அவர் வேலை. மற்றவர்களை வீட்டில் விட்டுவிட்டு, அக்காவோடு எனக்காக வந்திருக்கிறார். "உங்கக்கா பாடலன்னா எனக்கு வண்டி ஓட்டுன மாதிரியே இருக்காது லா" என்றார். வழியெல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம். ரப்பர் மரம் அங்கங்கே மிச்சம் இருந்தது. ஓரிடத்தில் அக்கா கையை நீட்டி, "அங்கதான் எங்க எஸ்டேட்டு லயத்து வீடு இருந்திச்சி. பின்னால கல்லறை. அத்தான் அங்கதான்" என்று சொல்லிவிட்டு, விட்ட பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினாள்.

இப்போது அவள் இருப்பது அடுக்குமாடியில் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. மாடிக்கு ஒரு தரம் நின்று, மூச்சு வாங்கி, "ஸ்தோத்திரம்" என்று சொல்லி ஏறினாள். நான் பின்னால் பெட்டியோடு, புடவையோடு ஏறினேன்.

வீட்டுக்குள் போனதும் என் கையைப் பிடித்து, தன் இடது கையின் மேல் வைத்தாள். உடனே இழுத்துக்கொண்டேன். தோலுக்குக் கீழே ஏதோ விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது, தையல் மிஷினில் கை வைத்தது போல. ஊசி போடுவதற்காக இரண்டு ரத்தக்குழாய்களை அறுவை செய்து இணைத்திருக்கிறார்களாம். ரத்தம் பாயும்போது அப்படித்தான் அதிருமாம்.

"பயந்துட்டியா? காலைல முழிச்சதும் மொதல்ல இதத்தான் தொட்டுப் பாப்பேன். ஓடுதுன்னா, ஆண்டவர் இன்னைக்கும் எனக்கு ஒரு வேலை வச்சிருக்காருன்னு அர்த்தம்."

நான் காலையில் கண் விழித்ததும் முதலில் நினைப்பது முட்டிவலியை.

புதன்கிழமை பெட்டியைத் திறந்தோம். நார்த்தங்காய் ஊறுகாய், நேந்திரங்காய் சிப்ஸ், அப்பளம் என்று அக்காவுக்குப் பிடித்ததையெல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்துப் போயிருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, முகர்ந்து, கண்ணை மூடி, திரும்ப வைத்தாள். உப்பு ஆகாது. வாழைக்காய் ஆகாது. காய்கறியைக்கூட வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்கிறாள். ஒரு மாதமாக டயாலிசிஸ் மையம் பற்றி விசாரித்த நான், நோயாளி என்ன சாப்பிடலாம் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சீ, எதுக்குட்டி அழுத? வாசனைக்கு உப்பு கெடையாதுல்லா" என்று ஊறுகாய் ஜாடியை இன்னொரு தரம் முகர்ந்தாள்.

தண்ணீரும் அளவுதான். ஒரு நாளைக்கு அரை லிட்டர். அந்த வெக்கையில் எனக்கு மணிக்கு அரை லிட்டர் உள்ளே போனது. மத்தியானம் மூன்று மணிக்கு அக்கா எவர்சில்வர் தம்ளரில் ஒரு ஐஸ் கட்டி எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எனக்கும் ஒன்று. நான் கடக் முடக்கென்று கடித்து முழுங்கினேன்.

"கடிக்காதட்டி! அது கரைய ஏழு நிமிசம் ஆவும். ஏழு நிமிசமும் சந்தோசம். நீ ஒரே கடில முடிச்சிட்ட." கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் இருக்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி ஜெபம் செய்தாள். "ஆண்டவரே, தண்ணிய நிறுத்திட்டீர். ஆனா இந்த ஒரு கட்டிய இவ்வளவு ருசியா குடுத்திருக்கீரே. நீரும் லேசுப்பட்ட ஆளு இல்ல."

என் ஜெபங்களெல்லாம் புகார் மனுக்கள். அவரிடம் யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. தேவதூஷணமோ என்றுகூடப் பயந்துவிட்டேன்.

நான் தம்ளரைக் கழுவப் போன நேரத்தில், மிச்சமிருந்த துணிகளை எடுத்து வைக்கிறேன் என்று அக்கா பெட்டியின் அடிவரை போய்விட்டாள். திரும்பி வந்தால், மடியில் வெள்ளைப் புடவை.



"ஏட்டி, எனக்கா?"

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"எம்புட்டு அழகு!" என்று கூவிக்கொண்டு எழுந்தாள். "குளிச்சிட்டு வந்து பாக்கேன்" என்று குளியலறைக்குள் போனாள். வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான் சோபாவில் உட்கார்ந்து, தப்பித்தோம் என்று நெஞ்சைத் தடவிக்கொண்டேன்.

வெளியே வந்ததும், பேச்சை மாற்ற, அவளுடைய கல்யாணப் புடவை எங்கே என்று கேட்டேன். "அதா? போன கிறிஸ்துமஸுக்கு வெட்டிட்டேன். நாடகத்துல தேவதூதனுக்குத் துணி பத்தல. அஞ்சு பிள்ளைங்களுக்குச் சட்டை தச்சேன். ஒருத்தன் மேடையிலயே ஒண்ணுக்குப் போயிட்டான்." விழுந்து விழுந்து சிரித்தாள்.

அம்மா ஊர் ஊராக அலைந்து எடுத்த புடவை அது. "அப்போ உனக்கு..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை வேன் ஹாரன் கேட்டு அக்கா அறையிலிருந்து வெளியே வந்தாள். வெள்ளைப் பட்டில். தலையில் மல்லிகைகூட இருந்தது. இடது கை வசதிக்காகப் பழைய தொளதொள ரவிக்கை. கல்லறைக்கு வாங்கிய புடவை மூன்று மாடி இறங்கி வேனில் ஏறியது.

"அடேங்கப்பா! இன்னைக்கு என்னக்கா விசேஷம்?" என்றார் முனியாண்டி அண்ணன்.

"இன்னைக்கு வியாழக்கிழமை லா!"

வேனில் ரொக்காயா என்ற மலாய் அம்மா இருந்தார். அவரும் ஆறு வருடமாக இதே வேனில் வருகிறவர். அக்காவின் முந்தானையைத் தடவிப் பார்த்து மலாயில் ஏதோ சொன்னார். "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்க, மாப்பிள்ளை மெஷின்தானா?" என்று கேட்டாராம். வழியெல்லாம் அக்கா பாட்டு முணுமுணுத்தாள். வார்த்தை கிடையாது, மெட்டு மட்டும். ஏன் என்று கேட்டேன். "எல்லாரும் இருக்காங்க லா. வார்த்தை என்னோடது. மெட்டு எல்லாருக்கும்." ரொக்காயா அம்மா ஜன்னல் கம்பியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு வந்தார்.

மையத்தில் பத்துப் பன்னிரண்டு சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் இயந்திரம். குழாய்களில் ரத்தம் சுற்றுவது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. அக்கா கையில் ஏற்றிய ஊசியின் பருமனைப் பார்த்து நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் சாக்குத் தைக்கிற ஊசி அந்தப் பருமன் இருக்கும். அக்கா அந்த நேரம் மட்டும் பேசவில்லை. உதடு அசைந்தது. நெற்றியில் வேர்வை.

அடுத்த நாற்காலியில் சரசு என்று ஒரு பெண். நாற்பது வயதுக்குள்தான். பாலிங் என்ற ஊரில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவள், இப்போது மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அன்றுதான் முதல் நாள். ஊசியைக் கண்டதும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். "வேணாம் மிஸ்ஸி, நான் செத்தே போறேன், விடுங்க" என்று நர்ஸைப் பார்த்துக் கும்பிட்டாள். நர்ஸ் அவளைப் பார்க்கவில்லை. என் அக்காவைப் பார்த்தாள். அது அந்த மையத்தின் வழக்கம் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

"தங்கச்சி, இங்க வா" என்றாள் அக்கா. "ஊசி போட வேணாம். என் புடவையப் பாரு, போதும்."

சரசு வந்து பார்த்தாள். "எங்கக்கா போறீங்க, இவ்ளோ அழகா?"

"இங்கதான். வேற எங்க போவ?" அக்கா குழாய் இல்லாத கையால் அவள் விரலை எடுத்து, தன் இடது கையில், ஊசிக்கு மேலே வைத்தாள். "வண்டி ஓடுது பாரு. மொத நாளு நானும் ஓடிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடிட்டேன், கேட்டுப் பாரு. நீ உன் சாமியக் கும்பிட்டுக்க. நான் என் ஆண்டவர்ட்ட உன் பேரச் சொல்லிட்டே இருக்கேன். நாலு மணி நேரமும் சொல்லுவேன். எனக்கு வேற வேல என்ன இருக்கு?"

சரசு உட்கார்ந்தாள். ஊசி ஏறும்போது அலறினாள். ஆனால் எழுந்து போகவில்லை. திரும்புகிற வழியில் ரொக்காயா அம்மா நாசி லெமாக் பொட்டலம் பிரித்தார், தேங்காய்ப்பால் சோறு. அக்கா ஒரு வாய் மட்டும் கேட்டு வாங்கினாள். வண்டி குலுங்கியதில் அதிலிருந்த மிளகாய்ச் சம்பல் முந்தானையில் கொட்டிவிட்டது, உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக. நான்தான் அலறினேன். அக்கா விரலால் வழித்து நாக்கில் வைத்து, "உறைப்பு தூக்கல்" என்றாள்.

வெள்ளி முழுவதும் சோப்பும் எலுமிச்சையும் போட்டுப் பார்த்தேன். கறை போகவில்லை.

சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்து, மூன்று மணிக்கு ஐஸ் கட்டியோடு உட்கார்ந்திருந்தோம். நான் கடிக்காமல் கரைத்துக்கொண்டிருந்தேன். அக்கா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"புடவை உன் யோசனையா, மதினி யோசனையா?"

ஐஸ் கட்டி அப்படியே தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

"ஏட்டி, முப்பத்திநாலு வருசத்துல எனக்கு நீ ஒரு கைக்குட்டை அனுப்புனதில்ல. திடீர்னு வெள்ளப் பட்டு. அதுவும் துண்டுக்கு அடியில ஒளிச்சு. எனக்குச் சிறுநீரகந்தான் போச்சு, புத்தி போகல."

மறைக்க எதுவும் மிச்சமில்லை. "மதினி சொன்னா. நான் கேட்டுக்கிட்டேன். மன்னிச்சிருக்கா" என்று அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்படி அழுது எத்தனையோ வருடமாகியிருந்தது. "அப்போ தெரிஞ்சேதான் கட்டினியா?"

"தெரிஞ்சேதான். பாத்ததுமே புரிஞ்சிபோச்சு. குளிக்கப் போறேன்னு போயி, குழாயத் தெறந்துவிட்டு அழுதேன். என் தங்கச்சியே என்ன அனுப்ப வந்துட்டாளே ஆண்டவரேன்னு கேட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல. மூஞ்சியக் கழுவிட்டு வந்து பாத்தா, புடவை அப்பவும் அழகாத்தான் இருந்திச்சி. செத்தப்புறம் கட்டிவிட்டீங்கன்னா, மடிப்பு நேரா இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான் நானே கட்டிக்கிட்டேன்."

"உனக்குப் பயமே இல்லையாக்கா?"

"யாரு சொன்னா? செவ்வா, வியாழன், சனி, விடியும்போதே பயந்துட்டுத்தான் எந்திப்பேன். சந்தோசம் வந்ததால பாடுதேன்னு நெனச்சியா? பாடுனப்புறந்தான் வருது. சில நாளு மூணாவது பாட்டுல வரும். சில நாளு வரவே வராது. அன்னைக்கும் பாடிட்டுத்தான் போவேன். அவரு வர லேட்டாவுதுன்னு நான் கடைய மூட முடியுமா?"

கடைசி முயற்சியாக அறையைப் பற்றிச் சொன்னேன். பெயிண்ட் அடித்தது, கட்டில் போட்டது, ஜன்னலைத் திறந்தால் எங்கள் சபைக் கோயில் மணி கேட்பது.

"என்ன கலரு?"

"பச்சை. இளம் பச்சை."

"எனக்குப் பச்சை பிடிக்கும்னு ஞாபகம் வச்சிருக்கியா?" என்றாள். அப்போதுதான் அக்கா அழுதாள். தம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் வரல சுகந்தி. அங்க வந்தா, பச்ச ரூம்ல சாவுக்குக் காத்துக்கிட்டு இருக்குற அக்கா நான். இங்க எனக்கு வியாழக்கிழம இருக்கு. சரசு மறுபடி எந்திச்சு ஓடுனா யாரு கூப்பிடுவா?"

"புடவையை என்ன செய்வ?"

"இதையேதான் கட்டிவிடணும்னு சபைல சொல்லி வைக்கப் போறேன். கறையோட. தொவைக்கக் கூடாது. ஆண்டவரு கேட்டா, இது ரொக்காயா சம்பல்னு சொல்லணும்லா."

ஞாயிற்றுக்கிழமை அதே புடவையில், அதே கறையோடு, கோயிலில் முதல் வரிசையில் உட்கார்ந்து பாடினாள். அங்கே வார்த்தையோடு. திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டில் முனியாண்டி அண்ணன் என் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "என்னக்கா, வரும்போது கனமா இருந்திச்சே?" என்றார். அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். பஸ் கிளம்பிய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

ஊருக்கு வந்த மறுநாள் காலையில் பீரோவைத் திறந்து என் கல்யாணப் புடவையை எடுத்துப் பிரித்தேன். பதறிவிட்டேன். முப்பது வருடம் ஒரே மடிப்பில் கிடந்து, மடித்த இடமெல்லாம் நைந்து போயிருந்தது. பொத்திப் பொத்தி வைத்து நானே கெடுத்திருக்கிறேன். கிழிந்த இடம் உள்ளே போகும்படி பார்த்துக் கட்டிக்கொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கக் கிளம்பினேன்.

தெருமுனையில் மதினி எதிரே வந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பால் பாக்கெட் கீழே விழுந்தது.

"ஏட்டி! என்னட்டி இது? யாரு போயிட்டா? ஹெலனா?"

"யாரும் போகல மதினி" என்றேன். "இன்னைக்குப் புதன்கிழமை."